கோமுவினால் வரும் கிறுகிறுப்பு

"தலைசுற்றலுக்கான காரணம்: மனைவி" என்று திரையில் எழுதியிருந்ததை ஜெசிந்தா இரண்டு தடவை படித்தாள். பிறகு எதிரே நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தாள். பிறகு திரையைத் தன் பக்கமாக மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"என்ன போட்டிருக்கு மேடம்?" என்றாள் கோமு.

"ஒண்ணுமில்லக்கா. மிஷின் ஏதோ உளறுது."

"உளறுனதத்தான் கேக்கேன்."

மறைக்க வழியில்லை. அந்த எந்திரத்துக்கு வாய் வேறு இருந்தது. கோமுவின் கணவன் சொரிமுத்துவின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருந்த அது, யாரும் கேட்காமலே பேசியது.

"அன்பரே, தங்கள் தலைசுற்றல்களில் பெரும்பாலானவை கோமதி என்னும் நபர் பேசும்போது நிகழ்கின்றன. அந்நபரிடமிருந்து விலகியிருப்பது நலம் பயக்கும்."

கோமு எழுந்து வெளியே போய்விட்டாள். சொரிமுத்து பின்னாலேயே ஓடினான். வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயத்தை முதலில் இருந்து சொல்கிறேன். சொரிமுத்து பணகுடிக்கு மேற்கே உள்ள காற்றாலைகளில் மெக்கானிக். ஏணியில் ஏறி, மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போல்ட் முடுக்குகிற வேலை. அவனுக்கு அது வேலை மட்டும் இல்லை. மேலே போனால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவில் தான் என்று ஒரு கர்வம். போன வருஷம் ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தான். கரண்ட் போய் விசிறி நின்றிருந்தது. வீடு சுற்றியது. அன்றைக்குப் பிடித்த கிறுகிறுப்பு, போவதும் வருவதுமாக அவனோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்தது.

உள்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற பகுதி கெட்டுவிட்டது, இது திரும்பத் திரும்ப வரும், ஆனால் பயிற்சி செய்தால் மூளை சமாளித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லி, பயிற்சி கொடுக்கிற ஜெசிந்தாவிடம் அனுப்பினார். முன்காலத்தில் என்றால் நோயாளியிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அவன் "பரவால்ல" என்பான். எங்கள் பக்கம் "பரவால்ல" என்றால் மூக்கடைப்பும் இருக்கலாம், மூச்சு நிற்கப்போவதாகவும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஒருவனை ஏணியில் ஏற்ற முடியாது. அதனால்தான் துலா என்கிற இந்த எந்திரம் வந்தது. காதுக்குப் பின்னால் இருந்துகொண்டு, தலை எவ்வளவு ஆடுகிறது என்று ராப்பகலாக அளந்து மதிப்பெண் போடும். எண்ணம் நல்ல எண்ணம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. அது பேசுகிற தமிழைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

காற்றுக் காலம் தொடங்குமுன் துலாவில் முழு மதிப்பெண் வரவேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் சென்னையில் திரை அறைக்கு மாற்றல். அங்கே நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, காற்றாலைகள் சுற்றுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைசுற்றல்காரனுக்கு இந்த வேலையைக் கொடுக்க நினைத்தவர் யாரென்று தெரியவில்லை. சொரிமுத்துவுக்கு நினைக்கும்போதே தலை சுற்றியது.

அவனுக்கு உண்மையில் குணமாகிக்கொண்டுதான் வந்தது. நடக்கிறான், குனிகிறான், மாடிப்படி ஏறுகிறான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மதிப்பெண் தலைகுப்புற விழுந்துவிடும். காரணம் கோமு என்று துலா சொல்லிவிட்டது.

கோமு அவனோடு பேசுவதை நிறுத்தினாள். மதிப்பெண் உடனே ஏறியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்களையில் பாத்திரங்கள்தான் அவளுக்குப் பதிலாகப் பேசின. மூன்றாம் நாள் அவள் அண்ணன் பலவேசம், வாழைக்காய் மண்டியை அப்படியே போட்டுவிட்டு நியாயம் கேட்க வந்து இறங்கினார்.

"மாப்ள, எங்க வீட்டுப் பிள்ள வாயத் தொறந்தா ஒங்களுக்குத் தல சுத்துதாமே?"

"அப்படி இல்ல மச்சான்."

"பின்ன எப்படி? ஊருல நாலு பேரு கேக்கான். நான் என்ன சொல்லட்டும்? ஒங்க மேலயும் தப்பு இருக்கா இல்லையா?"

"இருக்கு மச்சான், இருக்கு" என்று சொரிமுத்து சமாதானமாகத் தலையை ஆட்டினான்.

"அன்பரே, தாங்கள் விழப் போகிறீர்கள். உடனே அமரவும்" என்றது துலா.

பலவேசம் துள்ளி எழுந்தார். "எலே, இப்ப பேசுனது நான்லா! எந்தங்கச்சி அடுக்களைல இருக்கா!"

துலா சற்று யோசித்துவிட்டுச் சொன்னது: "புதிய காரணம் கண்டறியப்பட்டது: பலவேசம்."

கோமு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பலவேசம்தான் நொந்துபோனார். ஜெசிந்தாவுக்குப் போன் பறந்தது. அவள் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, புதுசு ஒண்ணு ஒங்க காதுல ஒட்டுதேன்" என்று அவள் பலவேசத்திடம் சொன்னாள். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு காட்டட்டும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துருவோம். சரிதானே?"

"சரி சரி, ஒட்டு தாயி" என்று பலவேசம் தலையை ஆட்டினார்.

"அன்பரே, அமரவும்."

பலவேசம் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தொத்திட்டா? அய்யோ, நான் மண்டிக்குப் போவணுமே!"

"அண்ணே, சும்மா இரு" என்றாள் கோமு. "நீ தலைய ஆட்டுன. அதுக்குத்தான் அது கத்துது. இவியளும் அப்படித்தான். தலைய ஆட்டுனா கத்துது."

ஜெசிந்தா தன் கைக்கருவியில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே அசைவு. இடமும் வலமுமாக, எட்டுப் போட்ட மாதிரி ஓர் ஆட்டம். நம் ஊரில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. சரி என்பதும் அதுதான், பார்க்கலாம் என்பதும் அதுதான், நீங்க சொன்னா செய்யாம இருப்பனா என்பதும் அதுதான். துலாவைச் செய்தவர்கள் இருப்பது ஏதோ குளிர் நாட்டில். அங்கே சம்மதம் என்றால் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் போலிருக்கிறது. கழுத்துக்கு வேலை கிடையாது.

"அப்ப நான் பேசும்போது மட்டும் ஏன் அத்தன தடவ?" என்று கோமு கேட்டாள்.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "அக்கா, ஒங்க வீட்டு அண்ணாச்சி ஊருலயே அதிகமா சரின்னு சொன்னது ஒங்களுக்குத்தான்."

கோமுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூன்று நாளாகத் தன் குரலையே வெறுத்துக்கொண்டு கிடந்தவள் அவள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் தன் புருஷன் தனக்கு எத்தனை தடவை சம்மதிக்கிறான் என்று ஓர் எந்திரம் கணக்கெடுத்துச் சொன்னதில், அவளுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் வஞ்சிரம் பொரித்துப் போட்டாள்.

ஜெசிந்தா அந்தக் குளிர் நாட்டுக்காரர்களை வீடியோவில் பிடித்தாள். எதிரே வந்தவன் மரியாதையானவன். அவன் பேசுவதை ஒரு குரல் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தது. "அப்படி ஓர் அசைவு எங்கள் ஆரோக்கிய அசைவுகளின் தொகுப்பில் இல்லை. சேர்ப்பதற்கு அடுத்த ஆண்டு ஆகலாம். அதுவரை நோயாளி அவ்வாறு அசைக்காமல் இருந்தால் போதுமே?"

ஜெசிந்தா வேறு வழியில்லாமல் சரி என்று தலையை ஆட்டினாள்.

"தங்களுக்கும் உடல்நலம் சரியில்லையா?" என்று அவன் பதறினான்.

அன்றிலிருந்து சொரிமுத்து தலையாட்டுவதை நிறுத்தினான். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. டீக்கடையில் "வழக்கம்போலத்தானே அண்ணே?" என்று கேட்டபோது கல் மாதிரி நின்றான். டீ வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து "குடும்பத்தோட வந்துரணும்" என்றார். "கண்டிப்பா வாறோம்" என்று வாயால் சொன்னான். தலை அசையவில்லை. "வரமாட்டாராம், மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் பொறுப்பைப் பலவேசம் ஒப்படைக்க வந்தபோதும் அதே கதைதான். வாயால் மட்டும் சொன்ன சரியை எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? காரணம் தெரிந்த பலவேசமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

"கொழம்பு எப்படி இருக்கு?" என்று கோமு கேட்பாள்.

"நல்லாருக்கு கோமு."

கழுத்து விறைப்பாக, பார்வை நேராக, போலீஸ்காரனுக்கு வாக்குமூலம் கொடுக்கிறவன் மாதிரி சொல்வான். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் சோறு இறங்காது.

மதிப்பெண் மட்டும் கிடுகிடுவென்று ஏறியது. முழு மதிப்பெண்ணும் வந்துவிட்டது. "இனி மேடம் கையெழுத்துதான் பாக்கி" என்று சொரிமுத்து, கோமுவை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து, தன் காற்றாலையைப் பார்க்கப் போனான். கோபுரத்தின் அடியில் நின்றான். ஆசையாக அண்ணாந்து பார்த்தான். பல வாரங்களாக அவன் தலையை நிமிர்த்தியதே இல்லை.

காற்றாலை நின்றிருந்தது. மலை சுற்றியது, வானம் சுற்றியது, கோமு தலைகீழாகத் தெரிந்தாள். இரண்டு கையாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே மெல்லச் சரிந்து மண்ணில் உட்கார்ந்தான். காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்தது. தலையைப் பிடித்திருந்ததால் தலை மட்டும் ஆடவில்லை.

"வாழ்த்துகள் அன்பரே" என்றது துலா. "தாங்கள் பூரண நலம் பெற்றுவிட்டீர்கள்."

"ஏ கோமு" என்றான் சொரிமுத்து. "நான் மேல ஏறுனதுக்கப்புறம் இது வந்திருந்தா?"

கோமு முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, அப்படியே ஜெசிந்தாவிடம் அழைத்துப் போனாள்.

ஜெசிந்தா முழுக்கக் கேட்டாள். தலையில் கைவைத்துக்கொண்டாள். "எனக்குத் தோணியிருக்கணும் அண்ணாச்சி. உள்காது கெட்டுப்போனா மூளை வேற வழியில பழகிக்கிடும். எப்படிப் பழகும்? தலைய ஆட்டி ஆட்டித்தான் பழகும். நான் குடுக்கிற பயிற்சியே அதான். ஆட்டாம வச்சிருந்தா மூளை எல்லாத்தையும் மறந்துரும். பயந்துக்கிட்டுத் தலைய விறைப்பா வச்சிருக்கிறதே குணமாகலைங்கிறதுக்கு அடையாளம். அதுக்குப் போயி இந்தக் கழுத மார்க்கு போட்டுருக்கு."

"அப்ப நான் நல்லாருந்தப்ப சீக்காளின்னு சொல்லிச்சு. சீக்காளி ஆனப்புறம் நல்லாருக்கேன்னு சொல்லுதா?"

"ஆமா."

"நான் கோமுக்கு ஆட்டுனதெல்லாம்?"

"மருந்து" என்றாள் ஜெசிந்தா. "அக்கா பேசாம இருந்த மூணு நாளும் ஒங்களுக்கு வைத்தியம் நின்னுபோச்சுன்னு வச்சுக்கோங்க."

கோமு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "மேடம், இது அளக்கது தல ஆட்டத்த மட்டுந்தானே? அது மனுசன் தலதான்னு அதுக்குத் தெரியுமா?"

"சூடு இருந்தாப் போதும். வேற ஒண்ணும் தெரியாது. ஏன்க்கா?"

கோமு வீட்டுக் கொல்லையில் ஓர் அம்மிக்கல் கிடந்தது. மிக்சி வந்த காலத்திலிருந்து துணி அலசுகிற வாளியைத் தாங்குவதைத் தவிர அதற்கு வேறு சோலி இல்லை. பணகுடி வெயிலில் எப்போதும் காய்ச்சல்காரன் சூட்டில் இருக்கும். கம்பெனிக்குப் போகிற மதிப்பெண் விழாமல் இருக்க, துலாவைப் பிரித்து அதன் மேல் ஒட்டினார்கள். ராத்திரி குளிர்ந்துவிடாமல் கோமு தன் பழைய சேலையைச் சுற்றிப் பக்கத்தில் குண்டு பல்பு ஒன்றையும் எரியவிட்டாள்.

"மிஷின ஏமாத்துததுல எனக்குச் சங்கடம் இல்ல" என்று ஜெசிந்தா கறாராகச் சொன்னாள். "ஆனா அம்மி வாங்குத மார்க்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க வாங்கணும். அதுவரைக்கும் ஏணியில கால் வச்சீங்க, நானே கம்பெனிக்குப் போன் பண்ணிருவேன்."

வைத்தியம் தொடங்கியது. கோமுவின் மூக்குத்தியை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு நின்றுகொண்டு, அப்புறம் மொட்டைமாடியில் நடந்துகொண்டு. சும்மா ஆட்டச் சொன்னால் அவனுக்கு ஆட்டம் வராது, அதனால் கோமு கேள்வி கேட்டாள். ஆரம்பத்தில் நாலு கேள்விக்கு மேல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். வியர்த்துக் கொட்டியது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"முன்னறைக்கு மஞ்ச பெயிண்டு அடிப்பமா?"

ஆட்டினான்.

"கொடைக்கு எங்க அண்ணன் குடும்பம் பத்து நாள் இங்க தங்கட்டுமா?"

ஆட்டினான்.

"ஒங்க தங்கச்சிய விட நான் நல்லா சமைக்கேன். சரிதானே?"

சொரிமுத்து நிறுத்தினான். "இது மருந்தா, ஒங்காரியமா?"

"ரெண்டுந்தான். ஆட்டுங்க."

அவன் கழுத்து இளகியது. டீ வழக்கம்போல வந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வந்தான். அம்மியும் கடமை தவறாமல் முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு காக்கா வந்து உட்கார்ந்த அன்றைக்கு மட்டும் லேசான தளர்ச்சி என்று செய்தி வந்தது.

பிறகு ஒருநாள் குளிர் நாட்டுக்காரன் தானே வீடியோவில் வந்தான். கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு நிலைத்தன்மையை உலகில் எங்கும் நாங்கள் கண்டதில்லை. நோயாளியிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை எப்படிச் சாதித்தார்?"

சொரிமுத்துவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "கொல்லைல சும்மா கெடந்தாப்ல" என்றான்.

"மகத்தான எளிமை!" என்றான் அவன். "அவருடைய பதிவுகளையே இனி ஆரோக்கியத்தின் அளவுகோலாக வைத்துவிட்டோம். இன்றிரவே உலகம் முழுவதும் மாறிவிடும்."

ஜெசிந்தாவுக்கு முகம் வெளிறிவிட்டது. உண்மையைச் சொன்னாள். அது மனிதன் இல்லை, மசாலா அரைக்கிற கல் என்று மூன்று விதமாகச் சொன்னாள். எதிரே இருந்தவன் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டான். "நன்றி. நோயாளியின் பெயரை அம்மி என்று திருத்திவிட்டோம்" என்றான்.

மறுநாள் காலையில் துலா ஒட்டியிருந்த யாருமே உலகத்தில் நலமாக இல்லை. காற்றாலையில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தார்கள். வாசலில் வரிசையாக "அமரவும், அமரவும்" என்று சத்தம். அத்தனை பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஆபீஸ் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் போன் பேசிக்கொண்டிருந்தார். குளிர் நாட்டிலும், அம்மியைப் பாராட்டிப் பேச மேடையேறிய கம்பெனித் தலைவரைத் துலா உட்காரச் சொன்னதாகக் கேள்வி. அதற்குள் மேற்கே காற்று எழும்ப ஆரம்பித்துவிட்டது. மேலே ஏற ஒரு ஆள் இல்லை.

மேனேஜர் ஜெசிந்தாவுக்கே போன் போட்டார். "மேடம், மிஷின் வேண்டாம். நீங்களே பாத்துச் சொல்லிடுங்க."

அவள் வந்தாள். ஒவ்வொருவரையும் கண்ணை மூடி மெத்தைமேல் நிற்கச் சொன்னாள். தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நடக்கச் சொன்னாள். அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். சொரிமுத்துவின் முறை வந்தபோது மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். தடுமாறிவிடுவானோ என்று கோமு வேலிக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் தடுமாறவில்லை. அண்ணாந்து பார்த்தான், அப்படியே நின்றான். ஜெசிந்தா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அவன் இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறினான். கோபுரத்துக்குள் மறைந்து வெகுநேரம் கழித்து, உச்சியில் கதவு திறந்து, கைக்குட்டை அளவுக்குச் சிவப்புச் சட்டை தெரிந்தது. கோமு உடனே போன் போட்டாள். எடுத்தான். காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"ஏங்க, நல்லாருக்கியளா?"

பதில் இல்லை.

"கிறுகிறுப்பு இல்லாம இருக்கா?"

பதில் இல்லை. கோமு கண்ணைச் சுருக்கிக்கொண்டு உச்சியையே பார்த்தாள். அந்தச் சிவப்புப் புள்ளிக்கு மேலே இன்னொரு சின்னப் புள்ளி இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது.

"அட மனுசா!" என்று அவள் கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போன்ல தலைய ஆட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லணும், புரியுதா?"

சொரிமுத்து அதற்கும் தலையை ஆட்டினான்.